ராஜம்மா தப்பு

“அந்தச் சேலைக்கு எங்கம்மா பேரைப் போடுங்க சார்.”

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று எனக்கு வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வீட்டில் என்றால் அம்மா. லீவு கேள், நாற்காலிக்குக் குஷன் கேள், தீபாவளிக்குப் பட்டுப்புடவை வேண்டுமானாலும் கேள், பேரை மட்டும் கேட்காதே என்றாள். செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, கம்ப்யூட்டரை ஆன் பண்ணுவதற்கு முன்னாடியே கேட்டுவிட்டேன். கேட்கக்கூடாததை வைத்துக்கொண்டு மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. சாப்பாடு இறங்காது.

பட்டுச்சேலைக் கடை முதலாளி தனசேகரன் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். ஆரணியில் பெரிய கடை என்று சொல்ல முடியாது, சின்னக் கடை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். முன்பக்கம் ஷோரூம், பின்பக்கம் ஆறு தறி, நடுவில் ஒரு மேஜை. அந்த மேஜையில்தான் நான் பதினோரு மாதமாக உட்கார்ந்து, அவருடைய சேலைகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவிலிருந்து அந்தக் கடைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். எங்கள் வீட்டில் பி.ஏ. என்று பெயருக்குப் பின்னால் போட்ட முதல் ஆளும் நான்தான். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு. அவருக்கு இங்கிலீஷ் வேண்டும், எனக்கு வேலை வேண்டும். இதில் பெருந்தன்மை என்று எதுவும் இல்லை.

“இன்னா பேரு?” என்றார்.

“ராஜம்மாள்.”

“அது தெரியும்மா. எந்தச் சேலைக்கு?”

“நியூஃபவுண்டுக்கு.”

டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

அந்த வார்த்தையை அவருக்குக் கொடுத்ததே நான்தான். போன வெள்ளிக்கிழமை வந்து, “கனி, புதுசா கண்டுபிடிச்சதுக்கு இங்கிலீஷ்ல ஒரே வார்த்தை சொல்லு. கெத்தா இருக்கணும். ‘நியூ’ன்னு மட்டும் சொல்லிக்கினு நிக்காத, அது சோப்புக்குப் போடறது” என்றார்.

எனக்கும் வார்த்தை என்றால் கொஞ்சம் குஷி வந்துவிடும். “நியூஃபவுண்ட்” என்றேன்.

“அர்த்தம்?”

“சமீபத்துல கண்டுபிடிச்சது. இல்லன்னா சமீபத்துல கைக்கு வந்தது. தவளைக்குப் போடலாம், தீவுக்குப் போடலாம், பணத்துக்குப் போடலாம். திடீர்னு பணம் வந்தவனுக்கு இருக்கிறது நியூஃபவுண்ட் வெல்த். போன வாரம்தான் பழக்கமானவங்க நியூஃபவுண்ட் ஃப்ரெண்ட். ஆனா ஒண்ணு சார், அது பெயர்ச்சொல்லுக்கு முன்னாடிதான் உக்காரும். தனியா நிக்காது.”

“நம்ம ஊர்ல யாரும்மா தனியா நிக்கிறாங்க? நிக்கட்டும், நிக்கட்டும்” என்று ஒரு துண்டுச் சீட்டில் தமிழில் எழுதிக்கொண்டார். அன்றைக்கு எனக்குக் கடை செலவில் ஒரு காபி வந்தது. அதற்கு முன்னால் வந்ததில்லை. நியூஃபவுண்ட் மரியாதை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே குடித்தேன். அந்தக் காபியை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிகிறது.

ஏனென்றால், சனிக்கிழமை அவர் கேட்டலாகுக்காக அனுப்பிய போட்டோவைத் திறந்தால், அதில் அம்மாவின் அட்டையில் வந்த சேலை.

அட்டை என்றால் புத்தக அட்டை இல்லை. தறியின் தலைக்கு மேல் ஒரு பெட்டி இருக்கும். அதிலிருந்து ஓட்டை போட்ட அட்டைகள் நூலில் கோத்து மாலை மாதிரி தொங்கும். ஒவ்வொரு அட்டையும் டிசைனில் ஒரு வரி. அட்டை வரிசையாக வந்தால் மாங்காய் மாங்காயாக வரும். வரிசை மாறினால் என்ன வரும் என்பது அந்த அட்டைக்குத்தான் தெரியும். அட்டையைக் கோர்ப்பதற்கென்று ஆள் உண்டு. எங்கள் அம்மா பன்னிரண்டு வருடம் தனசேகரனிடம் அந்த வேலை பார்த்தாள். அட்டை ஓரத்தில் பென்சிலில் நம்பர் இருக்கும், ஆனால் யாரும் பார்ப்பதில்லை. அட்டைக் கட்டுகளை முதலாளி வரிசையாக அடுக்கித் தருவார், கோர்க்கிறவள் மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கோர்ப்பாள். அதுதான் அங்கே வேலை நடக்கிற விதம்.

மூன்று வருடத்துக்கு முன்னால், முந்திக்கான மாங்காய் டிசைனில் ஒரு கட்டு முழுக்கத் தலைகீழாகக் கோத்துப் போய்விட்டது. நெய்யும்போது சேலையின் பின்பக்கம்தான் நெசவாளி கண்ணுக்குத் தெரியும். அதனால் தறிக்காரர் குப்புராஜ் கவனிப்பதற்குள் முந்தி பாதி முடிந்திருந்தது. மாங்காயின் கீழ்ப்பாதி சரியாக வந்து, நடுவில் மேல்பாதி தலைகீழாகத் திரும்பி, அகன்ற வயிற்றிலிருந்து ஒரு மெல்லிய கொம்பு எழுந்து மேலே விரிந்திருந்தது. பட்டைப் பிரித்தால் பிசிறிவிடும். அப்படியே நெய்து முடித்து டேமேஜ் அடுக்கில் போட்டார்கள். அம்மாவை, ஆறு தறிக்காரர்கள் பார்க்க, “நம்பர் கூடப் பாக்கத் தெரியாதவள உக்கார வெச்சது என் தப்பு” என்று சொல்லி வெளியே அனுப்பினார் தனசேகரன்.

அதோடு விடவில்லை. அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒவ்வொரு டிசைனின் அட்டை மாலையும் பின்பக்கச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கும், அதில் ஒரு சீட்டு கட்டியிருக்கும். சீட்டில் அந்த டிசைன் யாரால் வந்ததோ அவர் பெயர். முதலாளியின் மகள் ஐந்தாம் வகுப்பில் நோட்டில் வரைந்த கட்டம் ‘ஜெயப்ரியா கட்டம்’. குப்புராஜ் யோசனை சொன்னது ‘குப்புராஜ் கொடி’. அம்மா கோத்ததிலும் முதலாளி தன் கையெழுத்தில் ஒரு சீட்டு கட்டினார். ‘ராஜம்மா தப்பு.’

அன்றிலிருந்து அந்தப் பின்பக்கத்தில் எந்தத் தறியில் எது பிசகினாலும் அதற்குப் பெயர் ராஜம்மா தப்பு. நூல் அறுந்தால், “ராஜம்மா பண்ணிட்டியா?” குழம்பில் உப்பு அதிகமானால் கூட. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், என் காதுபடவே சொல்லிவிட்டு, “ஐயோ, பாப்பா இருக்குது” என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். பிறகு அதையும் கடிக்கவில்லை.

போன மாதம் பெங்களூரிலிருந்து ஸ்வர்ணலதா என்று ஒரு மேடம் வந்தார். பெரிய பெரிய ஊர்களில் கடை வைத்திருக்கிறாராம். நல்ல சேலைகளையெல்லாம் உதட்டைப் பிதுக்கித் தள்ளிவிட்டு, டேமேஜ் அடுக்கிலிருந்து அந்த ஒன்றை உருவி, “இது என்ன, மாங்கொட்டை முளைவிட்டிருக்கிறதா?” என்றாராம். அறுபது வேண்டும் என்றாராம். அன்றைக்கு நான் லீவு. யாரும் என்னிடம் சொல்லவும் இல்லை. ஆணியிலிருந்து அட்டை இறங்கியது, சீட்டு மட்டும் அவிழ்ந்தது, அந்த இடத்துக்கு என்னிடமிருந்து ஒரு வார்த்தை வாங்கிப் போனார்கள்.

தப்பாக இருந்த மூன்று வருடமும் அது எங்கம்மா பெயரில் இருந்தது. நன்றாக இருக்கிறது என்று ஒருத்தர் சொன்னதும் அது நியூஃபவுண்ட்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் போட்டோவைக் காட்டினேன். கண்ணமங்கலம் பக்கம் களை எடுக்கப் போய்விட்டு வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். போனை ஈரக் கையால் வாங்கி, எட்டப் பிடித்துப் பார்த்தாள்.

“அட, என் மாங்கா!” என்று சிரித்தாள். “முளைச்சிகினு நிக்குது பாரேன். நல்லாத்தான் இருக்குது இல்ல?”

“நல்லா இருக்குதுன்னுதான் அறுபது நெய்யறாங்க. உன் பேரைப் போடச் சொல்லிக் கேக்கப் போறேன்.”

சிரிப்பு நின்றது. “வேணாண்டி.”

“ஏன்?”

“பேரு மட்டும் தனியா வராது கனி. தப்பும் கூட வரும். இப்பதான் ஜனம் மறந்துகினு வருது. நீ போயி ஊதி வுடாத.”

“ஊதுனா இன்னா? அவங்களே அதை விக்கிறாங்க.”

“அவங்க விப்பாங்க. கோத்தது நான். இந்தக் கை பண்ணது.” கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இன்னும் எப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியல. மேல இருந்துதான எடுத்தேன்?”

அதுதான் விஷயம். அம்மா அந்த நாளிலிருந்து அவள் கையை நம்புவதில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை போய்த் திரும்பி வந்து நான்காவது முறை இழுப்பாள். அடுப்பை அணைத்தேனா என்று என்னைக் கேட்பாள், நான் பார்த்துச் சொன்ன பிறகும் அவளே போய்ப் பார்ப்பாள். ஒரு ஆள் பன்னிரண்டு வருடம் பிசகாமல் செய்த வேலை ஒரு நாள் பிசகியதால், அரிசி களைவதைக்கூட எண்ணிக்கொண்டே களைகிறாள். என் கோபம் பெயருக்காக மட்டும் இல்லை.

“செய்யார் கம்பெனியில இருந்து கூப்புட்டாங்கன்னியே, அது இன்னா ஆச்சு?” என்று பேச்சை மாற்றினாள்.

“செவ்வாக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள சொல்லணும்.”

“வேணாம்னு சொல்லிடு. ஷிப்டு, கம்பெனி பஸ்ஸு, பேஜாரு. இங்க ஃபேன் கீழ நாற்காலி. மொதலாளி ஆயிரம் பேசட்டும், நீ அங்க உக்காந்துகினு இருக்கிறத நான் ரோட்ல போறப்ப பாக்குறேன் பாரு, அது போதும். எது வேணா கேளு. பேரை மட்டும் கேக்காத.”

ஆக, கேட்காதே என்றதை நான் கேட்ட கதை இது. இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வரலாம்.

தனசேகரன் டீயை ஒரு வாயில் குடித்தார். “உங்கம்மா கேக்கச் சொன்னாளா?”

“கேக்காதன்னாங்க.”

“பெரியவங்க சொன்னா கேக்கணும்.”

“ஜெயப்ரியா கட்டம்னு இருக்குது. குப்புராஜ் கொடின்னு இருக்குது. இதுலயும் நீங்களே பேர் எழுதி வெச்சிருந்தீங்க. எடுத்ததை மறுபடி போடுங்கன்றேன், அவ்வளவுதான்.”

“அது வேற, இது வேற. நியூஃபவுண்டுன்னு பேரு வெச்சாச்சு. நீதான் சொன்ன.”

“நியூஃபவுண்டுன்னா யாரோ கண்டுபிடிச்சாங்கன்னு அர்த்தம் சார். யாருன்னு அந்த வார்த்தை சொல்லாது. அதனாலதான் உங்களுக்குப் புடிச்சிருக்குது.”

“பாரு கனி,” என்று குரலைத் தாழ்த்தினார். “ராஜம்மான்னு பேரு வெச்சா, யாரு ராஜம்மான்னு கேப்பாங்க. எந்தத் தெருன்னு கேப்பாங்க. நான் இன்னான்னு சொல்றது?”

“எங்க தெருன்னு சொல்லுங்க.”

அவர் பதில் சொல்வதற்குள் லேப்டாப் மணியடித்தது. பெங்களூர் மேடம், வீடியோ காலில். பதினொரு மணிக்கு வருவதாக இருந்தவர் அரைமணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார். தனசேகரன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, “ஜல்தி ஜல்தி, ஆன் பண்ணு. நான் சொல்றத அப்படியே சொல்லு. ஒண்ணு கூட்டாத, ஒண்ணு குறைக்காத” என்றார்.

அப்படியே சொல்வதற்கு நான் தயாராகத்தான் இருந்தேன்.

திரையில் ஸ்வர்ணலதா மேடம் வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டி, கண்ணாடியை அதன்மேல் ஏற்றி வைத்திருந்தார். நேராக விஷயத்துக்கு வந்தார். ஒவ்வொரு சேலையிலும் தொங்கவிடும் விலை அட்டையின் பின்பக்கத்துக்கு மூன்று வரி வேண்டும். இந்த டிசைன் எப்படிக் கிடைத்தது, யார் கண்டுபிடித்தார்கள். வாங்குகிறவர்கள் அதைத்தான் முதலில் படிக்கிறார்களாம், விலையை அப்புறம்தானாம். நான் தமிழில் சொன்னேன்.

தனசேகரன் தொண்டையைச் செருமினார். “எங்க தாத்தா காலத்துல, கலசப்பாக்கம் பக்கம் ஒரு இடிஞ்ச மண்டபத்துல, ஒரு தூண்ல...”

“எந்த மண்டபம் சார்?”

“ஏதோ ஒரு மண்டபம். நீ சொல்லும்மா.”

“அவங்க கேட்டா நான் இன்னா சொல்றது? போட்டோ கேப்பாங்க.”

“கேட்டா இடிஞ்சு போச்சுன்னு சொல்லு!”

அந்த நேரம் பார்த்துப் பின்பக்கக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு குப்புராஜ் வந்தார். தறியிலிருந்து அப்போதுதான் அறுத்த சேலை, இரண்டு கையிலும் குழந்தை மாதிரி. லேப்டாப்பைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் அவர் குரல் அதே அளவுக்குத்தான் இருந்திருக்கும், முப்பது வருடத் தறிச்சத்தத்தில் பழகிய குரல்.

“மொதலாளி! ராஜம்மா தப்பு மொத சேலை இறங்கிடுச்சு! இன்னா ஜோரா வந்திருக்குது பாருங்க!” என்று மேஜையின் மேல் முந்தியை விரித்தார்.

வந்திருந்தது. மயில்கழுத்து நிறத்தில் ஜரிகை மாங்கொட்டைகள் வரிசையாக முளைவிட்டிருந்தன. நான் கோபத்தில் இருந்தேன், ஆனாலும் ஒரு நிமிடம் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேடமும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ராஜம்மா என்றாரே, அது என்ன? இந்த டிசைனின் பெயரா?” என்றார். கன்னடக்காரருக்கு ராஜம்மாவைப் புரிந்துகொள்ள என் உதவி தேவைப்படவில்லை.

“சொல்லாத,” என்றார் தனசேகரன், பல்லைக் கடித்துக்கொண்டு, முகத்தில் சிரிப்பு மாறாமல்.

நியூஃபவுண்ட் என்ற வார்த்தையோடு அதிகமாக ஒட்டிக்கொள்கிற சொற்களில் ஒன்று தைரியம். கதைகளில் இந்த மாதிரி இடத்தில் அது திடீரென்று வரும். எனக்கு அப்படி எதுவும் வரவில்லை. நான் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், பள்ளிக்கூடத்தில் கேட்டுப் பாருங்கள். மேடத்திடம் ஆங்கிலத்தில் சொன்னேன்: ராஜம்மாள் இந்த அட்டைகளைக் கோத்தவர். ஒரு கட்டு தலைகீழாகப் போனதில் வந்த உருவம் இது. அதற்காக அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். தறிக்காரர்கள் மூன்று வருடமாக இதை ‘ராஜம்மா தப்பு’ என்கிறார்கள். அவர் என் அம்மா.

மேடம் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். முகம் மலர்ந்துவிட்டது. “ஒரு தப்பிலிருந்து வந்ததா! எவ்வளவு அழகு! இதுதான் எனக்கு வேண்டும், கோயில் தூண் கதையெல்லாம் எல்லாரும் சொல்கிறார்கள்!”

தனசேகரனுக்கு இங்கிலீஷ் பேச வராதே தவிர, வாங்குகிறவர் முகத்தைப் படிக்க நன்றாக வரும். “இன்னா சொல்றாங்க?” என்றார்.

“தப்பு பண்ணதால வந்ததுன்றது ரொம்பப் புடிச்சிருக்குதாம்.”

“தப்பா புடிச்சிருக்குது?”

“ஆமா. தூணு வேணாமாம். தப்புதான் வேணுமாம்.”

அடுத்து நடந்ததை நான் கற்பனை செய்தால்கூட இவ்வளவு நன்றாக வந்திருக்காது. அவர் என் நாற்காலியைத் தள்ளிவிட்டு, கேமராவுக்குள் தலையை நுழைத்து, நெஞ்சில் தட்டிக்கொண்டு, “மேடம்! மிஸ்டேக் மைன்! ஒன்லி மைன் மேடம்!” என்றார்.

மேடம் விழித்தார். நானும் விழித்தேன். குப்புராஜ் சேலையைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

“சொல்லு கனி,” என்று என் பக்கம் திரும்பினார். உற்சாகத்தில் முகம் வேர்த்திருந்தது. “அந்த அட்டைக் கட்டு அன்னிக்கு என் கையில இருந்து வுழுந்து அவுந்துடுச்சு. போன் பேசிகினே பொறுக்கி அடுக்குனேன். ஒண்ணாம் நம்பரை மொதல்ல வெச்சு, அது மேல ரெண்டு, அது மேல மூணு. கடைசி அட்டை மேல வந்துடுச்சு. அப்ப மேல இருந்து எடுத்தா தலைகீழாதான வரும்? அப்ப பண்ணது யாரு? நானு! கண்டுபிடிச்சது யாரு? நானு! இதை இங்கிலீஷ்ல சொல்லு. அழகா சொல்லு.”

குப்புராஜ்தான் முதலில் பேசினார்.

“அப்ப ராஜம்மா பண்ணலியா மொதலாளி?”

தனசேகரனுக்கு அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்பது காதில் விழுந்தது போலிருந்தது. “அது... கோத்தது அவதான்...”

“இது உங்களுக்கு எப்ப தெரியும் சார்?” என்றேன்.

“இப்ப எதுக்கு அது?”

“மேடம் கேப்பாங்க. எப்ப தெரியும்?”

அவர் சேலையைத் தடவினார். முளைவிட்ட ஒரு மாங்கொட்டையை விரலால் சுற்றி வந்தார். “மறுநாளு,” என்றார்.

மறுநாள். அம்மா வெளியே போன மறுநாள். மூன்று வருடமாக ஒருத்தி தன் வீட்டுப் பூட்டை நான்கு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், இந்த மனுஷனுக்கு மறுநாளே தெரியும்.

நான் அவர் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல் மேடத்திடம் ஆங்கிலத்தில் சொன்னேன். ‘மறுநாள்’ உட்பட. அப்படியே சொல்லச் சொன்னவர் அவர்தான்.

மேடம் கண்ணாடியை மறுபடி தலைக்கு ஏற்றினார். “அடடா” என்றார். பிறகு இன்னொரு முறை “அடடா” என்றார். உங்கள் அம்மாவிடம் என் அன்பைச் சொல்லுங்கள் என்றார். பிறகு, சேலையில் தொங்கும் விலை அட்டையின் முன்பக்கம் ஏற்கெனவே நியூஃபவுண்ட் என்று அச்சாகிவிட்டது, அதை இனிமேல் மாற்ற முடியாது, பின்பக்கத்துக்கு ஒரு தற்செயலான கண்டுபிடிப்பு என்பது போல யார் பெயரும் இல்லாமல் மூன்று வரி சாயங்காலத்துக்குள் அனுப்பினால் நன்றாக இருக்கும் என்றார். கையசைத்தார். திரை இருண்டது.

நல்லவர்தான். ஆனால் அவருக்கும் அந்த வார்த்தை வசதியாக இருந்தது.

நான் மேஜைக்கு அடியில் போனை எடுத்து, செய்யார் கம்பெனி நம்பருக்கு ‘திங்கட்கிழமை சேருகிறேன்’ என்று அனுப்பினேன். மணி பத்து ஐம்பது.

தனசேகரன் உட்கார்ந்துவிட்டார். இப்போது அவர் குரல் பாகு மாதிரி இருந்தது. “சரி, நடந்தது நடந்துபோச்சு. உங்கம்மாவ நாளைக்கே வரச்சொல்லு. பழைய வேலை. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, நான் பாத்துக்கறேன்.”

“பேரு?”

“மறுபடி பேரா! ஏம்மா, நீயே யோசிச்சுப் பாரு. தப்பு உங்கம்மா பண்ணலன்னு ஆயிடுச்சு. அப்ப டிசைனு மட்டும் எப்படி அவளுது ஆவும்?”

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவு சுலபமாக முடித்துவிட்டார்! தப்பாக இருந்தால் அவளுடையது, நன்றாக இருந்தால் இவருடையது, அவள்மேல் தப்பில்லை என்றால் அவளுக்கு ஒன்றுமே இல்லை.

“கோத்தது அவங்க கை சார். மூணு வருஷம் பேரைச் சுமந்ததும் அவங்க. நீங்க பொறுக்கி அடுக்குனது போன் பேசிகினு.”

“கனி, ஜாஸ்தி பேசற.”

“ஒண்ணு செய்யுங்க. பேரு வேணாம். பின்னால வாங்க. அன்னிக்கு ஆறு தறிக்காரங்க முன்னாடி சொன்னீங்க இல்ல, அதே எடத்துல நின்னு, இப்ப மேடத்துகிட்ட நெஞ்சைத் தட்டிச் சொன்னதைச் சொல்லுங்க. இங்கிலீஷ் கூட வேணாம்.”

அவர் குப்புராஜைப் பார்த்தார். குப்புராஜ் சேலையை மடித்துக்கொண்டிருந்தார், மடிக்க வேண்டிய அளவுக்கு மேல் மெதுவாக.

“அதெல்லாம் சரிப்படாது,” என்றார் தனசேகரன். “அவங்க அப்புறம் என்னை மதிப்பாங்களா?”

நான் எழுந்தேன். மேஜை டிராயர் சாவியை அவர் முன்னால் வைத்தேன். சாப்பாட்டுப் பையை எடுத்தேன். என் பேனாவை எடுத்தேன். மற்றதெல்லாம் கடையுடையது.

“எங்க போற? மூணு வரி?”

“ஒரு வரி நீங்களே சொல்லிட்டீங்க சார், ஒன்லி மைன்னு. மீதி ரெண்டுதான.”

“கனி! உக்காரு. சம்பளம் வேணா...”

நான் அதற்குள் பின்பக்கம் போயிருந்தேன். குப்புராஜின் தறிக்குப் பக்கத்தில், காலியான ஆணிக்குக் கீழே, அவிழ்த்துப் போட்ட சீட்டு நூலோடு கிடந்தது. இத்தனை நாள் யாரும் பெருக்கித் தள்ளவில்லை. தட்டி எடுத்தேன். அவருடைய கையெழுத்து, நீல மை, கொஞ்சம் வெளுத்திருந்தது. ராஜம்மா தப்பு. பேனாவைத் திறந்து, இரண்டாவது வார்த்தையை மட்டும் அடித்தேன். ஒரே கோடு, அழுத்தி. ஆணியில் மாட்டினேன்.

ஐந்து தறிக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். எதற்கென்று அவர்களுக்குத் தெரியாது. ஆறாவது ஆளுக்குத் தெரியும், அவர் பின்னாலேயே வந்து கதவருகில் நின்றிருந்தார்.

“குப்புராஜண்ணா, இவங்களுக்கு நீங்க சொல்லிடுங்க.”

“நானா? மொதலாளி...” என்று இழுத்தார். ஆணியைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். “சேலை அறுக்கிறப்ப பேரைச் சொல்லித்தான பாப்பா ஆவணும். சொல்லுவேன். எங்க கிளம்பிட்ட?”

“திங்கக்கிழமையிலிருந்து செய்யாரு.”

“இப்ப?”

“இப்ப கண்ணமங்கலம். அம்மா களை எடுக்கிற எடத்துக்கு.”

“சாயங்காலம் வூட்டுக்கு வரப்போவுது. அதுக்குள்ள இன்னா அவசரம்?”

“பொழுதுக்குள்ள இன்னும் எத்தனை தடவை பூட்டை நெனைச்சிகினு இருப்பாங்களோ.”

அவருக்கு அது புரியவில்லை. விளக்க நேரம் இல்லை, பதினொன்றேகாலுக்கு வேலூர் பஸ். ஷோரூம் வழியாகவே வெளியே நடந்தேன். தனசேகரன் மேஜையில் ஒரு துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு, தமிழ் எழுத்தில் ஏதோ இங்கிலீஷ் எழுத ஆரம்பித்திருந்தார். தலையைத் தூக்காமல், “நியூஃபவுண்டுக்கு அப்புறம் இன்னா வார்த்தை போடணும்னு மட்டும் சொல்லிட்டுப் போம்மா, அது தனியா நிக்காதுன்னியே” என்றார்.

நான் படியிறங்கிவிட்டேன்.